பட்டுக்கோட்டையார் பாட்டு ஏன் இன்னும் பழசாகல?

(மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் நினைவு நாள் கூட்டத்தில் பேசப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது. நேரம் ஒதுக்கி முழுவதும் படியுங்கள் தோழர்களே.)



ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பிறந்தது 1930 ஏப்ரல் 13. மறைந்தது 1959 அக்டோபர் 8. முப்பது வயது நிறையவில்லை. சினிமாவுக்குப் பாட்டு எழுதினது ஏறக்குறைய அஞ்சு வருஷம். அவ்வளவுதான். அந்த அஞ்சு வருஷத்தில் எழுதினதை இன்னிக்கும் டீக்கடையில பாடுறாங்க, கல்யாண மண்டபத்துல போடுறாங்க, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைங்க ஆடுறாங்க, நம்ம பொதுக்கூட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி மைக்செட்காரர் கேட்காமலே போடுறார். எழுதினவர் போய் அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவருடைய பாடல் தொகுப்பு இன்னும் புத்தகக் கடையில இருக்கு, புத்தகக் காட்சியில வாங்கிட்டுப் போறாங்க.

அவரை விடப் படித்தவர்கள் இருந்தார்கள். அவரை விட நிறைய எழுதினவர்கள் இருந்தார்கள். அப்படியிருக்க இவர் பாட்டு மட்டும் ஏன் இப்படி ஒட்டிக்கிட்டு நிற்குது? இந்தக் கேள்வியைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்கலாம்னு வந்திருக்கேன். இது வெறும் இலக்கியக் கேள்வி இல்லை தோழர்களே. மக்களிடம் எப்படிப் பேசுவது என்பதே நம் வேலையின் பாதி. அந்த வேலையில் நமக்கு வாத்தியார் அவர்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார்னு பார்ப்போம். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு. அன்றைய தஞ்சை மாவட்டம். விவசாயக் குடும்பம். அப்பா அருணாச்சலனார், அம்மா விசாலாட்சி. அப்பாவும் நாட்டுப் பாடல் கட்டுகிறவர்தான். 'முசுகுந்த நாட்டு வழிநடைக் கும்மி' என்று ஒரு நூல் அவர் பெயரில் உண்டு. ஆக, கும்மி மெட்டும் தாலாட்டும் தெம்மாங்கும் நம்ம கவிஞருக்குப் புத்தகத்தில் வந்து சேர்ந்தது இல்லை. வீட்டுத் திண்ணையில் வந்தது. முறையான பள்ளிப் படிப்பு அதிகம் கிடையாது.

அவர் பார்த்த தொழில்களைப் பதினேழு என்று பட்டியல் போடுவார்கள். விவசாயம், மாடு மேய்த்தல், மாட்டு வியாபாரம், மாம்பழம் விற்றல், இட்லி, முறுக்கு விற்றல், கீற்று, தேங்காய் வியாபாரம், மீன் நண்டு பிடித்தல், உப்பளத்து வேலை, தண்ணி வண்டி, நாடக நடிகர், பாட்டுக்காரர் என்று போகும் அந்தப் பட்டியல். அதைப் பெருமைக்காக நாம சொல்லிட்டுப் போயிடுறோம். கொஞ்சம் நின்று யோசிங்க. ஒரு மனுஷன் முப்பது வயதுக்குள் இத்தனை வேலை பார்த்திருக்கான்னா என்ன அர்த்தம்? எந்த வேலையும் அவனுக்கு வயிறு நிறையச் சோறு போடல என்று அர்த்தம். ஒரு வேலையில் நிற்க முடியாமல் அடுத்த வேலைக்கு ஓடியிருக்கார். இன்னிக்கு காலையில் கட்டட வேலை, சாயங்காலம் உணவு டெலிவரி, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துல பந்தி பரிமாற்றம்னு ஓடுற நம்ம ஊர்ப் பையன் கதை அதுதான்.

அவர் வளர்ந்த காலத்தையும் பார்க்கணும். தஞ்சை மண்ணில் பண்ணையாள் முறை இருந்த காலம். அடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம். அதற்கு எதிராகச் செங்கொடியைப் பிடித்துக்கொண்டு விவசாயிகள் இயக்கம் எழுந்தது. பி. சீனிவாசராவ் போன்ற தலைவர்கள் ஊர் ஊராக நடந்தார்கள். 1950-ல், நம்ம கவிஞருக்கு இருபது வயது இருக்கும்போது, அதே பட்டுக்கோட்டை வட்டாரத்தில் வாட்டாக்குடி இரணியன் சுட்டுக் கொல்லப்பட்டார். சாம்பவானோடை சிவராமனும் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1952-ல், தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ரத்தம் சிந்தித்தான் அந்தச் சட்டம் வந்தது. இந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த இளைஞர் கல்யாணசுந்தரம். விவசாயிகள் இயக்கத்தில் வேலை செய்தார். ஜீவாவின் அன்புக்கு உரியவர் ஆனார். 'ஜனசக்தி' அவர் கவிதைகளை வெளியிட்டது. புதுவைக்குப் போய்ப் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் கற்றார். சக்தி நாடக சபாவில் நடித்தார். அதற்கு அப்புறம்தான் சினிமா.

ஆக, சினிமாவுக்குப் போய் முற்போக்குக் கருத்துப் பேசினவர்னு சொல்றது தலைகீழான வரலாறு. இயக்கத்தில் இருந்தவர் சினிமாவுக்குப் போனார். அதை எப்பவும் மறக்கக்கூடாது.

இப்ப பாட்டுக்கு வருவோம். பாட்டு வரிகளை நான் இங்கே சொல்லப் போறதில்லை. உங்களுக்கே மனப்பாடம். பாட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் பார்ப்போம்.

'நாடோடி மன்னன்' படம். 1958. அதுல டி.எம்.எஸ்ஸும் பானுமதி அம்மாவும் பாடுற ஒரு பாட்டு இருக்கு. காடு கழனியெல்லாம் விளையுது, ஆனா நமக்கு என்ன மிச்சம்னு ஒரு பெண் கேட்பாள். இது கிராமத்துல எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான். அறுவடை முடிஞ்சு, களத்துமேட்டுல கணக்கு முடிஞ்சு, வீட்டுக்கு வர்ற நெல்லைப் பார்த்து பெண்கள் கேட்கிற கேள்வி. அப்புறம் அவளே அடுத்த கேள்வி கேட்கிறாள்: உழைத்தவன் வாழ்க்கையில் பசி எதனால் வருது? அதுக்கு வர்ற பதில் என்ன தெரியுமா? அவன் உண்டாக்கின செல்வம் வேறு இடத்தில் போய்ச் சேருது, அதனால்.

தோழர்களே, உபரி மதிப்பு பற்றி நாம ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுக்கிறோம். கரும்பலகையில் கோடு போட்டு விளக்குறோம். பாதிப் பேர் தூங்கிடுறாங்க. பட்டுக்கோட்டையார் அதை ஒரு கேள்வி, ஒரு பதில்ல முடிச்சிட்டார். அதுவும் ஒரு ராஜா ராணி படத்துக்குள்ள, கதாநாயகனும் நாயகியும் ஆடிப் பாடுற இடத்துல. தியேட்டர்ல தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த பண்ணையாள் அதைக் கேட்டார். வயலுக்குப் போய் நடவு நடும்போது அதைப் பாடினார். பாடப் பாட அந்தப் பதில் அவருடைய பதிலாகவே மாறியது.

இதுதான் முதல் ரகசியம்னு நான் நினைக்கிறேன். அவர் மக்களுக்குப் பதிலை மட்டும் கொடுக்கல. அவர்களுடைய கேள்வியையே முதலில் பாட்டுல வச்சார். கேள்வி நம்மோடதா இருந்தா பதில் மனசுல நிக்கும். கேள்வியே வேறு யாரோ கேட்டதா இருந்தா பதில் எவ்வளவு சரியா இருந்தாலும் காதுக்கு வெளியேதான் நிக்கும்.

இரண்டாவதா ஒண்ணு பாருங்க. சின்ன விஷயத்துல ஆரம்பிச்சு பெரிய விஷயத்துல கொண்டுபோய் விடுவார். 'திருடாதே' படப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். ஒரு குழந்தையிடம் திருடாதேன்னு சொல்றதா ஆரம்பிக்குது. இதுல என்ன இருக்கு, எல்லா வீட்டுலயும் அம்மா சொல்றதுதானே! ஆனா பாட்டு அங்கேயே நிற்கல. ஒரு கூட்டம் திட்டம் போட்டுத் திருடுது, இன்னொரு கூட்டம் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்க்குது, ரெண்டும் நிற்காம நடக்குதுன்னு போகுது. கடைசியில எங்கே வந்து நிற்குது? இருப்பதெல்லாம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் பதுக்க வேண்டிய வேலையே இல்லை என்கிற இடத்தில். குழந்தைக்குச் சொன்ன புத்திமதி பொதுவுடைமையில் போய் முடியுது. கேட்கிறவருக்கு யாரோ பிரச்சாரம் பண்றாங்கன்னு தோணவே தோணாது.

'அரசிளங்குமரி' படத்துல சின்னப் பையனுக்குச் சொல்ற பாட்டும் அப்படித்தான். உடம்பும் வளரணும், அறிவும் வளரணும்னு ஆரம்பிக்கும். பேய் பிசாசுன்னு பயமுறுத்துறவங்களை நம்பாதேன்னு பகுத்தறிவு பேசும். கடைசியில் தனியுடைமையின் கொடுமைகள் ஒழிய நீ தொண்டு செய்யணும்னு அந்தப் பையன் தோள்ல கை போட்டுச் சொல்லும். எம்.ஜி.ஆர். ஒரு சிறுவனிடம் பாடுகிற பாட்டு. தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பிள்ளைகள் அந்த வார்த்தையை முதல் முறை அந்தப் பாட்டுலதான் கேட்டிருப்பாங்க!

இந்த இடத்துல ஒரு வேதனையான தகவல். 'அரசிளங்குமரி' வந்தது 1961. 'திருடாதே' வந்ததும் 1961. 'இரும்புத்திரை' வந்தது 1960. இதையெல்லாம் திரையில் பார்க்க அவர் இல்லை. அவர் இறந்ததற்குப் பிறகு, ஒரு வருஷத்துக்கும் மேல, அவருடைய புதுப் பாட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஊருக்குள்ள செத்துப்போன மனுஷன் குரல் ரேடியோவுல புதுசு புதுசா வந்துக்கிட்டிருக்கு! அந்தக் காலத்துல தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் வாங்கிட்டுப் போய்ப் படிப்பார். படிக்கத் தெரியாதவர் கேட்டுப் பாடுவார். இலங்கை வானொலி அந்தப் பாட்டுகளைக் கடல் தாண்டி ஒலிபரப்பியது. இப்படித்தான் அந்தக் குரல் தங்கியது.

மூன்றாவது விஷயம், உழைப்பைப் பற்றி அவர் பேசுகிற விதம். உழைப்பைப் புகழ்ந்து பாடுறது சுலபம். முதலாளிகூடப் பாடுவார். உழைப்பே தெய்வம், ஆகவே கூடுதல் நேரம் உழை, கூலி கேட்காதே என்பார். பட்டுக்கோட்டையார் உழைப்பைப் புகழும்போதே கூலி எங்கே என்று கேட்டார். 'இரும்புத்திரை' மில் தொழிலாளிகள் கதை. அதுல திருச்சி லோகநாதன் பாடின ஒரு பாட்டு. சம்பளத்தைக் கையில வாங்கினது ஞாபகம் இருக்கு, அப்புறம் அது எங்கே போச்சுன்னுதான் தெரியல என்று ஒருவர் புலம்புவார். கேட்கிறப்ப சிரிப்பு வரும். சிரிச்சு முடிக்கிறப்போ தொண்டை அடைக்கும்.

அந்தப் பாட்டு இன்னிக்கு யாருக்குப் பொருந்தும்னு நான் சொல்லணுமா? அன்னைக்குச் சம்பளம் கைக்கு வந்து காணாமப் போச்சு. இன்னிக்குக் கைக்கே வர்றதில்லை. ஒண்ணாந்தேதி வங்கிக் கணக்குல விழுந்ததும் போன்ல ஒரு குறுஞ்செய்தி. சந்தோஷப்பட்டு முடிக்கிறதுக்குள்ள வண்டிக்கு இ.எம்.ஐ., குழுக் கடனுக்கு ஒரு தவணை, பள்ளிக்கூடக் கட்டணம், கேஸ் என்று வரிசையாக நாலு குறுஞ்செய்தி. அஞ்சாந்தேதி மளிகைக் கடையில் கடன் நோட்டு. இதை எழுத பட்டுக்கோட்டையார் திரும்பி வர வேண்டியதில்லை. அன்னைக்கே எழுதி வச்சிட்டுப் போயிட்டார்.

நாலாவது, அவர் யாரையும் தாழ்த்திப் பேசல. மூடநம்பிக்கையைக் கண்டிக்கிறார், ஆனா மூடநம்பிக்கையில் சிக்கிய ஏழையைக் கேலி செய்யல. 'மகாதேவி' படத்துல தாயத்து விற்கிற பாட்டு ஒண்ணு இருக்கு. கூட்டம் கூடி நின்று எனக்குப் பணம் வருமா, அது நடக்குமா, இது நடக்குமான்னு கேட்கும். தாயத்து விற்கிறவரே உடம்பை வளைச்சு உழைக்கச் சொல்லிப் புத்தி சொல்லுவார். கேட்கிற கூட்டமும் சிரிக்கும். பாட்டு முடியும்போது யார் மனசும் புண்பட்டிருக்காது. ஆனா தாயத்து மேல இருந்த பயம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். நம்மில் சிலர் இன்னிக்கு முகநூலில் எதிர்க்கருத்துச் சொல்பவரிடம் பேசுகிற பேச்சைப் பாருங்க. முட்டாள், அறிவிலி, சங்கி, அடிமை. இதைக் கேட்டு இதுவரைக்கும் ஒருத்தராவது மனசு மாறியிருப்பாரா?

நண்பர்களே, இவ்வளவு பெருமை பேசிட்டு ஒரு விஷயத்தைச் சொல்லாமப் போனால் அது நேர்மையாகாது. தொகுப்பை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிச்சா எல்லாப் பாட்டும் ஒரே தரம் இல்லைன்னு தெரியும். சினிமா ஒரு தொழில். மெட்டு முதல்ல வரும், காட்சியை இயக்குநர் சொல்வார், நாளைக்குப் பாட்டு வேணும் என்பார்கள். 'கல்யாண பரிசு' படத்துக்கு எழுதினதுபோல அழகான காதல் பாட்டும் உண்டு. காட்சிக்கு வேணும்னு எழுதிக் கொடுத்ததும் உண்டு. சில பாட்டுகளில் பெண்ணுக்குச் சொல்கிற புத்திமதி அந்தக் காலத்துப் புத்திமதிதான். இன்றைக்கு நம் பெண் தோழர்கள் அதைப் படித்தால் முகம் சுளிப்பார்கள், அது நியாயம்தான். 'நாடோடி மன்னன்' பாட்டிலேயே பாருங்கள். சரியான கேள்வியெல்லாம் பெண் கேட்கிறாள், ஆனா விளக்கம் சொல்ற வேலை ஆணுக்கு. அந்தப் பெண்ணுக்கே பதில் தெரியாதா என்ன?

இதைச் சொல்றதால அவர் பெருமை குறையாது. நல்லதை எடுத்துக்கணும், காலத்தோடு போக வேண்டியதைப் போக விடணும். கவிஞரைச் சாமியாக்கி மாலை போட்டு மூலையில் உட்கார வைக்கிறதை விட, எடுத்துப் படிச்சு வாதாடுறதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை.

இப்ப இன்னொரு ஆபத்தைச் சொல்றேன். அவரை மறந்துடுவாங்கங்கிற பயம் எனக்கு இல்லை. அரைகுறையா ஞாபகம் வச்சுக்குவாங்க என்பதுதான் பயம்.

'நாடோடி மன்னன்' படத்துல தம்பியைத் தூங்காதேன்னு எழுப்புற பாட்டு இருக்கே, அதைப் பள்ளிக்கூட விழாவுல பிள்ளைங்களை வச்சுப் பாடுறாங்க. நல்லது. பாட்டுல போர்க்களத்துல தூங்கினவன் கதி, பள்ளிக்கூடத்துல தூங்கினவன் கதி, கடையில தூங்கினவன் கதி எல்லாம் வரும். பிள்ளைங்க கைதட்டும். ஆனா அந்த வரிசை எங்கே போய் முடியுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பொறுப்பில் இருக்கிற பெரிய மனிதர்கள் தூங்குறதால எத்தனையோ நல்ல வேலைகள் தூங்கிக்கிட்டிருக்குன்னு முடியுது. சொல்லப்போனா அந்தப் பாட்டு முதல் வரிசையில் மாலை போட்டு உட்கார்ந்திருக்கிற சிறப்பு விருந்தினரைப் பார்த்துப் பாடுகிற பாட்டு! அவரும் சேர்ந்து கைதட்டிட்டுப் போயிடுறார்.

இதுதான் நடக்குது தோழர்களே. கோபத்தை உருவிட்டு, புத்திமதியை மட்டும் வச்சுக்கிறாங்க. உழைக்கச் சொன்னார் என்று முதலாளி மேற்கோள் காட்டுறார். திருடாதேன்னு சொன்னார் என்று, ஊரையே சுருட்டினவர் மேடையில் பாடுறார். பொதுவாக்குவது பற்றிச் சொன்ன இடம் வரும்போது மைக்கை ஆஃப் பண்ணிடுறாங்க. போதாததற்கு, அவர் எழுதின பாட்டை வேறு கவிஞர் எழுதியதுன்னு போட்டு வாட்ஸ்அப்பில் சுத்த விடுறாங்க. எந்தக் கவிஞர் மேலயும் நமக்குப் பகை இல்லை. ஆனா யார் எழுதினது, எந்த வாழ்க்கையிலிருந்து எழுதினது என்பது தெரிஞ்சாத்தான் அந்தப் பாட்டுக்கு முழு அர்த்தம் வரும். உப்பளத்துல நின்றவன் எழுதின பாட்டு வேற, உப்பளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவன் எழுதின பாட்டு வேற.

தூக்கத்தைப் பற்றிப் பேசினதால ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கிற சட்டத்திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எட்டு மணி நேரம் என்பது உலகத் தொழிலாளிகள் உயிரைக் கொடுத்து வாங்கினது. தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. கட்சி வேறுபாடு பார்க்காமல் எதிர்ப்பு வந்தது. சில நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. விழித்திருந்ததால் காப்பாற்றினோம். அந்தப் பாட்டு இன்னும் தேவைப்படுதுன்னு சொல்ல இதைவிட வேறு சாட்சி வேணுமா? இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்களை நாலு தொகுப்பாகச் சுருக்கி ஒன்றிய அரசு கொண்டுவந்த பிறகு, விழித்திருக்க வேண்டிய நேரம் இன்னும் கூடியிருக்கு.

சரி, நாம என்ன செய்யணும்? பேசிட்டுக் கைதட்டிட்டுப் போறதுக்கு இந்தக் கூட்டம் போடல.

ஒண்ணு. தமிழ்நாடு அரசு 1993-ல் அவருடைய பாடல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அவர் எழுத்து இப்போ உங்களுடையது, என்னுடையது, எல்லோருடையதும். சினிமாப் பாட்டும் சினிமாவுக்கு வெளியே எழுதின கவிதைகளும் சேர்ந்த தொகுப்பு எளிதாகக் கிடைக்குது. ஒரு பிரியாணி விலை கூட இல்லாத பதிப்பும் கிடைக்கும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு பிரதி இருக்கணும். அலமாரியில் பூட்டி வைக்க வேண்டாம். கை மாறிக் கை மாறி அட்டை கிழியணும்.

ரெண்டு. கிளைக் கூட்டம் தொடங்கும்போது அஞ்சு நிமிஷம், ஒரு பாட்டு. யாராவது ஒருத்தர் வாசிக்கணும். குரல் இருக்கிறவர் பாடணும். பாடி முடிச்சதும் இது இன்னிக்கு நம்ம தெருவுல யாருக்குப் பொருந்தும்னு ஒரே ஒரு கேள்வி. அதுல வர்ற பதிலிலிருந்து அந்த மாச வேலைத் திட்டமே கிடைக்கும்.

மூணு. சினிமாவுல வராத அவருடைய கவிதைகளைப் படிங்க. 'ஜனசக்தி' காலத்து எழுத்தைப் படிங்க. மெட்டு இல்லாதபோதும் அவர் வார்த்தை எப்படி நடக்குதுன்னு பாருங்க. அப்பத்தான் சினிமா அவரைத் தூக்கிப் பிடிச்சதா, அவர் சினிமாவைத் தூக்கிப் பிடிச்சாரான்னு தெரியும்.

நாலு. நம்ம இளைஞர்களுக்கு, முக்கியமா எழுதுற பிள்ளைகளுக்கு. கவிதை எழுதுங்க, ராப் பாடுங்க, கானா பாடுங்க, ரீல்ஸ் போடுங்க. வடிவம் எதுவா இருந்தாலும் சரி. பட்டுக்கோட்டையார் தன் காலத்தில் எது பெரிய மேடையோ அதில் போய் ஏறினார். அவர் காலத்தில் அது சினிமா. உங்க காலத்துல அது உங்க கையில இருக்கிற போன். ஆனா எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்க் கேளுங்க. நடவு நடுகிற அக்காவிடம், தூய்மைப் பணியாளர் அண்ணனிடம், பின்னலாடைக் கம்பெனியில் ஷிஃப்ட் முடிச்சு வர்ற தங்கச்சியிடம் போய்க் கேளுங்க. அவங்க எந்த வார்த்தையில கஷ்டத்தைச் சொல்றாங்களோ அந்த வார்த்தையில எழுதுங்க. 'சுரண்டல்'னு நாம எழுதுற இடத்துல அந்த அக்கா என்ன சொல்றாங்கன்னு கேட்டிருக்கீங்களா? அந்தச் சொல் கிடைச்சா பாதிப் பாட்டு கிடைச்ச மாதிரி.

ஒரு கதை மேடைகளில் அடிக்கடி சொல்லுவாங்க. தன் முதலமைச்சர் நாற்காலியின் நாலு கால்களில் ஒரு கால் பட்டுக்கோட்டையின் பாட்டு என்று எம்.ஜி.ஆர். சொன்னார் என்று. பெரிய மனசோட சொன்ன வார்த்தை. அவருக்குப் பாரதிதாசன் விருதும் அவர் ஆட்சியில்தான், 1981-ல், கவிஞர் மறைந்த பிறகு வழங்கப்பட்டது. அதற்கு நன்றி சொல்லணும். ஆனா தோழர்களே, அந்தப் பாட்டுகள் நாற்காலிக்குக் கால் வைக்கிறதுக்காக எழுதினது இல்லை. நாற்காலியே இல்லாம வரப்புல உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறவருக்காக எழுதினது. நாற்காலிகள் வந்தது, போச்சு. வரப்புல உட்கார்ந்திருக்கிறவர் இன்னும் அங்கேதான் இருக்கார். அதனாலதான் பாட்டும் இன்னும் இருக்கு.

கோவைத் தொழிலாளிகள்தான் அவருக்கு 'மக்கள் கவிஞர்' என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அரண்மனையிலோ பல்கலைக்கழகத்திலோ கொடுத்தது இல்லை. அந்தப் பட்டம் நிலைச்சதுக்குக் காரணமும் அதுதான். கொடுத்தவங்க இன்னும் அதைச் சொல்லிக்கிட்டிருக்காங்க.

பாட்டு பழசாகாம இருக்கிறது கவிஞருக்குப் பெருமை. ஆனா நமக்கு? அவர் கேட்ட கேள்வி அறுபது வருஷம் கழிச்சும் அப்படியே பொருந்துதுன்னா, நமக்கு வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம். உழைத்தவன் வீட்டில் பசி ஏன் வந்ததுன்னு ஒரு பேரப்பிள்ளை கேட்டு, இது என்ன தாத்தா, அப்படியெல்லாமா இருந்ததுன்னு ஆச்சரியப்படுற நாள் வரணும். அன்னிக்கு அந்தப் பாட்டு பழசாகட்டும். அதைப் பார்த்து முதல்ல சந்தோஷப்படுறவர் பட்டுக்கோட்டையாராத்தான் இருப்பார்.

அதுவரைக்கும் பாடுவோம். பாடிக்கிட்டே வேலை செய்வோம்.



(உங்களுக்குப் பிடித்த பட்டுக்கோட்டையார் பாட்டு எது, அது உங்கள் ஊரில் இன்றைக்கு யாருக்குப் பொருந்தும் என்று எழுதுங்கள். உங்கள் கிளையில் பாடிய காணொளி இருந்தால் அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் பகிர்கிறோம்.)

#மக்கள்கவிஞர் #பட்டுக்கோட்டையார்